அழுகைக்கு நிற்கும் ஜீப்

யானைக்குப் பயப்படாத மனிதர் எங்கள் ஜீப்பண்ணன். ஓவேலியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில், காலை மூடுபனிக்குள் ஓரமாக ஒரு கொம்பன் நின்றால்கூட, "அது அதும்பாட்டுக்கு நிக்குது, நாம நம்மபாட்டுக்குப் போலாம்" என்று சொல்லி வண்டியை மெல்ல ஊரவிட்டுக் கடந்துவிடுவார். ஆனால் பின்னால் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒன்று மூக்கை உறிஞ்சிவிட்டால் போதும். வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

உறிஞ்சியது சளிக்கா, அழுகைக்கா என்று முதலில் கேட்பார். சளி என்றால் கிளம்பிவிடுவார். அழுகை என்றால் என்ஜினை அணைத்து, இறங்கி, சாலையோரத்தில் ஒரு கல்லைத் தேடி எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடை கொடுப்பார். பிரேக்மேல் அவருக்கு முழு நம்பிக்கை கிடையாது. பிறகு பின்பக்கம் வந்து தார்ப்பாயைத் தூக்கி, குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து முகத்தை நீட்டி, "ஆருக்கு? என்ன?" என்பார்.

இதைக் கேட்கிறவர்கள் எல்லாம், எவ்வளவு இரக்கமுள்ள மனிதர் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அவரால் முடியாது, அவ்வளவுதான். சிலருக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். இவருக்கு அழுகைச் சத்தம் கேட்டால் உள்ளங்கை வேர்த்துவிடும். "ஸ்டீயரிங் வழுக்குது சாமி. நா என்ன பண்ணட்டும்? ஒண்ணு நீ அழுது முடிக்கோணும், இல்லீன்னா நாம எல்லாரும் பள்ளத்துக்குள்ள போகோணும்." ஏன் இப்படி என்று யாருக்கும் தெரியாது. முன்பு எங்கோ ஒரு வண்டியைக் கவிழ்த்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். காதல் தோல்வி என்றான் எங்களில் பெரியவனான பிரகாசு. காதல் தோல்விக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதற்கு, பெரியவளானால் தெரியும் என்றான். அவன் அப்போது ஐந்தாம் வகுப்பு.

எங்கள் அப்பா அங்கே எஸ்டேட் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். ஜீப்பில் வரும் மற்றப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள். சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். சுமதியும் அவர்களில் ஒருத்தி. கூடலூரில் இருந்த பள்ளிக்கு எங்கள் எல்லாரையும் ஏற்றிப் போவதுதான் ஜீப்பண்ணனின் காலை வேலை.

அழுதால் வண்டி நிற்கும், நின்றால் லேட்டாகும், லேட்டானால் பெரிய டீச்சர் வெளியில் நிற்கவைப்பார். இந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் ஒருவர் மனதை ஒருவர் படிப்பதில் தேர்ந்தவர்களானோம். ஒரு பிள்ளையின் உதடு கோணும்போதே நாலு பேர் அதன் முகத்துக்கு நேரே குனிந்துவிடுவோம். "என்னன்னு சீக்கிரம் சொல்லித் தொலை. பயமா, கோவமா, வருத்தமா?" இந்த மூன்று கேள்வியும் ஜீப்பண்ணன் உண்டாக்கியவை. பதிலைப் பொறுத்துத்தான் அவர் மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்ய முடியும். பயம் என்றால் அந்தப் பிள்ளையைத் தூக்கி முன் சீட்டில், தனக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார். சாலை கண்ணுக்குத் தெரிந்தால் பயம் குறையும் என்பது அவர் எண்ணம். அந்தச் சாலையைப் பார்த்துப் புதிதாகப் பயந்த பிள்ளைகளும் உண்டு.

நான் கோபக்காரி. கடிப்பேன். ஜன்னலோரத்து இடத்துக்காக ஒரு நாள் பிரகாசின் முழங்கையைக் கடித்துவிட்டேன். அவன் வீறிட்டான். ஜீப் நின்றது. கல் வைக்கப்பட்டது. தார்ப்பாய் தூக்கப்பட்டது.

"ஆருக்கு?"

"எனக்கு வலி. இவளுக்குக் கோவம்," என்றான் பிரகாசு.

ஜீப்பண்ணன் என்னை இறக்கி, இடப்பக்கப் பின்டயருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "ஒதை கண்ணு."

"டயரையா?"

"பின்ன, என்னையா? ஒதை. அதுக்கு வலிக்காது. பழைய டயருதான்."

உதைத்தேன். முதல் உதையிலேயே கால் கட்டைவிரல் விண்ணென்றது. இன்னும் கோபம் வந்து இன்னும் உதைத்தேன். எனக்குப் பின்னால் தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றி வந்த டிராக்டர் நின்று, அதற்குப் பின்னால் ஒரு பால் வண்டியும் நின்றது. டிராக்டர்க்காரர் ஹாரன் அடித்தார். ஜீப்பண்ணன் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒரு நிமிசமுங்க, பாப்பாவுக்கு இன்னும் முடியல" என்றார். ஊரே காத்திருக்க ஒருத்தி கோபப்படுவது மிகக் கஷ்டமான காரியம். கோபம் எங்கே போனதென்று தெரியாமல், வெட்கத்தோடு ஏறி உட்கார்ந்தேன். பிரகாசு ஜன்னலோரத்து இடத்தை எனக்கே விட்டிருந்தான். மறுபடி கடிபடுவோமோ என்ற பயத்தில். பயம் என்பதால் ஜீப்பண்ணன் அவனை முன் சீட்டுக்கு மாற்றினார்.

கணக்குப் பரீட்சையன்று பிரகாசு பொய்யாக அழுதான். அவன் திட்டம் மிக எளிது. தேம்பினால் வண்டி நிற்கும், பரீட்சை முடிந்துவிடும். வண்டி நின்றது. ஜீப்பண்ணன் கேட்டார், "என்ன சாமி, வருத்தமா?"

"ஆமாங்ண்ணா."

"என்ன வருத்தம்?"

அதை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. "சும்மா வருத்தம்" என்றான்.

"சும்மா வருத்தம் ரொம்ப மோசமாச்சே," என்று ஜீப்பண்ணன் உண்மையாகவே கவலைப்பட்டு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஊட்டுல ஏதாச்சுமா, அப்பா அடிச்சாரா, நாய்க்குட்டி செத்துப்போச்சா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நாய்க்குட்டி என்றதும் பிரகாசின் முகம் மாறியது. போன மழைக்கு அவன் நாய் சிறுத்தைக்கு இரையாகியிருந்தது. அவன் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. நிஜமாகவே அழ ஆரம்பித்தான், நிறுத்தவே முடியவில்லை. பரீட்சையிலிருந்து தப்பித்துவிட்டான். ஆனால் அதைக் கொண்டாடும் நிலையில் அவன் இல்லை.

பள்ளி வாசலில் பெரிய டீச்சருக்கும் எங்களுக்கும் தினமும் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"ஏன் லேட்?"

"சுமதிக்குப் பயம் டீச்சர். பாலத்துக்கிட்ட."

"நேத்து?"

"நேத்து இவளுக்குக் கோவம் டீச்சர்."

"முந்தாநாள்?"

"முந்தாநாள் பொறாமை டீச்சர். அது கோவத்துல சேருமா வருத்தத்துல சேருமான்னு முடிவு பண்றதுக்கு நேரமாயிருச்சு."

ஒரு நாள் அவர் வரும் பஸ் பழுதாகிப் பெரிய டீச்சரே எங்கள் ஜீப்பில் ஏறும்படி ஆயிற்று. வழியில் ஒரு சின்னப் பையன் சிணுங்க, வண்டி நின்றது. டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "வண்டிய எடுங்க! இதென்ன சத்திரமா? அழற பிள்ளைக்கெல்லாம் நின்னா எப்ப ஸ்கூலுக்குப் போறது?" என்று கத்தினார். பையன் பயந்து அழுகையை நிறுத்திவிட்டான். ஆனால் வண்டி கிளம்பவில்லை. தார்ப்பாய் மெல்லத் தூக்கப்பட்டது. குல்லாய் உள்ளே எட்டிப் பார்த்தது. மிகுந்த மரியாதையோடு கேட்டது:

"ஏனுங் டீச்சர், உங்களுக்குப் பயமுங்களா, கோவமுங்களா?"

"கோவம்னா டயரை உதைக்கலாம் டீச்சர்" என்று சுமதி மெல்லிய குரலில் யோசனை சொன்னாள். பெரிய டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, விறுவிறுவென்று சாலையில் நடக்கத் தொடங்கினார். வளைவில் திரும்பும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு கல்லை ஓங்கி உதைத்தார். செருப்பு அறுந்தது. கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். பிறகு செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்து ஏறிக்கொண்டார். ஜீப்பண்ணன் கண்ணாடியில் பார்த்து, "போலாமுங்களா?" என்றார்.

பச்சைத் தேயிலை விலை விழுந்தது அந்தக் காலத்தில்தான். எங்களுக்கு விலையெல்லாம் புரியாது. வீட்டில் சத்தம் கூடியது மட்டும் புரிந்தது. சாலையில் சில நாள் கொழுந்தைக் கொட்டிப் போராட்டம் நடந்தது. சில எஸ்டேட்டுகளில் ஃபாக்டரி சங்கு ஊதுவது நின்றுபோனது. எங்கள் அப்பா கடையில் சும்மா உட்கார்ந்து, சும்மா இருந்த எடைக்கல்லையே துடைத்துக்கொண்டிருந்தார், ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தார். லயத்திலும் அப்படித்தான். பெரியவர்கள் சாப்பாட்டுத் தட்டை விசிறினார்கள். அதெல்லாம் காலையில் எங்களோடு சேர்ந்து ஜீப்பில் ஏறியது. முன்பெல்லாம் வாரத்தில் சில நாள் நின்ற வண்டி இப்போது தினமும் நின்றது. ஒரு வளைவில் ஒருத்திக்கு, அடுத்த வளைவில் இன்னொருத்தனுக்கு. பின்டயர் வாங்கிய உதையில், பெரியவர்கள் வாங்க வேண்டியது பாதி.

அப்படி ஒரு காலையில் யாருமே அழவில்லை. இருந்தும் ஜீப் நின்றது.

"ஆருக்கு?"

"யாருக்கும் இல்லீங்ண்ணா."

"இல்ல. ஆருக்கோ இருக்குது. வண்டி சரியில்ல." கையை விரித்துக் காட்டினார். வேர்த்திருந்தது.

அவர் நகரமாட்டார் என்பது தெரிந்ததால், நாங்களே எங்களுக்குள் தேடினோம். ஒருவனுக்கு அண்ணன்மேல் வெறுப்பு. ஒருத்திக்குப் பசி. சின்னப் பையன் ஒருவன் ரொம்ப நேரமாக ஒன்றுக்குப் போகவேண்டும் என்று ஒப்புக்கொண்டு, இறங்கிப் போய்விட்டு வந்தான். "இப்ப?" என்றால், "இன்னும் இருக்குது" என்றார் ஜீப்பண்ணன். கடைசியில் எல்லாரும் சுமதியைப் பார்த்தோம். அவள் பையை மடியில் அணைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா இன்னிக்குத் திருப்பூருக்குப் போறாங்க," என்றாள். "பனியன் கம்பெனிக்கு. நான் ஸ்கூல்விட்டு வர்றப்ப ஊட்டுல இருக்க மாட்டாங்க. சொன்னா அழுவேன்னு என்கிட்ட சொல்லல. நான் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்."

ஜீப்பண்ணன் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார். அன்று ஓட்டியதைப் போல வேகமாக அவர் எப்போதும் ஓட்டியதில்லை. பள்ளிக்கூட வாசலில் பெரிய டீச்சர் எங்களுக்காகவே நின்றுகொண்டிருந்தார். ஜீப் அவரைத் தாண்டிப் பறந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் டாட்டா காட்டினோம்.

பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. சுமதியின் அப்பா, எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளுக்குக் கவாத்து வெட்டுகிற ஆள், ஒரு ரெக்சின் பையோடு கீழே நின்றிருந்தார். ஜீப்பண்ணன் அவசரத்தில் ஜீப்பைப் பஸ்ஸுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார். சுமதி இறங்கி நேராகப் போய், டிபன் பாக்ஸ் இருந்த பையாலேயே அப்பாவைச் சாத்தத் தொடங்கினாள்.

"அடிக்காத புள்ள. ஆளுக எல்லாம் பாக்குதுக," என்றார் அவர். அவள் நிறுத்தவில்லை. அவர் தடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் முகமும் கோணிக்கொண்டது. மலையாளத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து "எந்தா பிரஸ்னம்?" என்று கேட்டார். பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கண்டக்டர் இறங்கி வந்து, "ஏனுங்க, ஜீப்ப எடுங்க!" என்றார்.

"எடுக்க முடியாதுங்க. அவரு அழுவறாருங்க," என்றார் ஜீப்பண்ணன்.

"அவரு அழுதா நீங்க ஏன் எடுக்க முடியாது?"

இதை விளக்கப் பல நாள் ஆகும். பிரகாசு அதற்குள் காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். சுமதியின் அப்பாவுக்கு முன்னால் போய் நின்று, பழக்கமான குரலில் கேட்டான், "மாமா, பயமா, கோவமா, வருத்தமா?"

அவர் அவனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சின்னப் பிள்ளையிடம் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை போலிருக்கிறது. "பயந்தான்யா," என்றார். "எனக்குச் செடி வெட்டுறதத் தவிர ஒரு வேலையும் தெரியாது. அந்த ஊருல என்னத்தப் பண்ணப்போறேன்னு தெரியல."

பிரகாசு கண்டக்டரிடம் திரும்பினான். "இவருக்குப் பயமாம். முன் சீட்டுல உக்கார வைக்கணும்."

கண்டக்டர் எத்தனையோ ரகப் பயணிகளைப் பார்த்தவராக இருக்கவேண்டும். உள்ளே ஏறி, டிரைவருக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் இருந்தவரிடம் ஏதோ சொல்லி எழுப்பினார். "வாங்கண்ணே. இங்க உக்காருங்க. ரோடு நல்லாத் தெரியும்," என்றார். சுமதியின் அப்பா அவள் தலையில் கை வைத்துவிட்டு ஏறினார். சுமதி போய்ப் பஸ்ஸின் டயரை ஓர் உதை உதைத்தாள். ஜீப்பண்ணன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஜீப்பை எடுத்து வழிவிட்டார். பஸ் போய் மறைந்த பிறகுதான் அவள் அழுதாள். அழுது முடிக்கும்வரை நாங்கள் பஸ் ஸ்டாண்டிலேயே இருந்தோம். டீக்கடைக்காரர் எங்களுக்கெல்லாம் வர்க்கி பிஸ்கட் கொடுத்தார்.

பெற்றோர் கூட்டம் போடப்பட்டது. எங்கள் அப்பாதான் முன்னால் நின்று பேசினார். "பிள்ளைகளப் படிக்க அனுப்பறோமா, அழுவறதுக்கு அனுப்பறோமா?" அவர் குரல் ஏற ஏற, ஜீப்பண்ணன் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "மெதுவாப் பேசுங்க. எனக்கு ஆகறதில்லீங்க," என்றார். அதற்கு அப்பா இன்னும் கத்தினார். வேறு ஜீப் ஏற்பாடாயிற்று.

புது டிரைவர் நேரம் தவறாதவர். வண்டியில் டேப் ரெக்கார்டர் இருந்தது. யாராவது தேம்பினால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். நாங்கள் மணி அடிப்பதற்கு முன்பே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம், வழியில் எங்கும் இறக்கிவைக்காத எல்லாவற்றோடும். பிரேயரில் ஒருவன் இன்னொருவனைத் தள்ளினான். நான் இரண்டு பேரைக் கடித்தேன். மூன்றாம் வகுப்பில் ஒருத்தி அழ ஆரம்பித்தால் வகுப்பே சேர்ந்து அழுதது. யாரோ பெரிய டீச்சர் வரும் பஸ்ஸின் டயரை உதைத்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. வாரம் முடிவதற்குள் பெரிய டீச்சரே எங்கள் கடைக்கு வந்தார்.

"அந்தப் பழைய ஆளையே வரச் சொல்லுங்க," என்றார் அப்பாவிடம். "லேட்டானாப் பரவால்ல. எல்லாத்தையும் வழியிலயே முடிச்சிட்டு வரட்டும்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் அவரை உற்றுப் பார்த்து, "உங்களுக்கும் ஒரு நாள் அந்த வண்டில போயிட்டு வந்தா நல்லதுன்னு தோணுது" என்றார்.

ஜீப்பண்ணன் வந்தார். ஆனால் ஜீப்பில் இடம் கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கியது. பிரகாசும் போனான். ஜன்னலோரத்து இடத்துக்குப் போட்டியே இல்லாமல் போயிற்று. எல்லா ஜன்னலும் எனக்குத்தான். கடைசியில் ஜீப்பும் மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் கைக்குப் போனது. ஜீப்பண்ணன் கீழே எங்கோ ஒரு தண்ணீர் பம்ப் ஹவுசில் வேலைக்குச் சேர்ந்ததாக அப்பா சொன்னார். மோட்டார் அழாது. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வண்டி கைமாறுவதற்கு முந்தின நாள் காலையைச் சொல்லவேண்டும். முந்தின நாள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. நானும் சுமதியும் இன்னும் சில சின்னப் பிள்ளைகளும் மட்டும் இருந்தோம். யாரும் அழவில்லை. பறிக்க ஆளில்லாமல் தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்ற ஒரு சரிவுக்கு அருகில் ஜீப் நின்றது. கல் வைக்கும் சத்தம் கேட்டது. தார்ப்பாய் தூக்கப்படவில்லை. நெடுநேரம் காத்திருந்துவிட்டு நாங்களே இறங்கினோம். அவர் சாலையோரத் திட்டில் குந்தியிருந்தார்.

"ஆருக்குங்ண்ணா?" என்றாள் சுமதி.

"எனக்குத்தான் சாமி."

"என்ன? பயமா?"

அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "தெரியல கண்ணு. எல்லாம் ஒண்ணா வருது."

எல்லாம் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று எங்களிடம் வழிமுறை ஏதும் இல்லை. அதனால் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். சின்னப் பையன் ஒருவன் டிபனைத் திறந்து ஓர் இட்லியை அவரிடம் கொடுத்தான். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். அப்படியே பனி விலகி வெயில் வந்தது.

வெகுநேரம் கழித்துக் கீழிருந்து ஒரு குடை ஏறி வந்தது. குடைக்குள் பெரிய டீச்சர். மூச்சு வாங்கிக்கொண்டு, திட்டுவதற்கு வாயைத் திறந்தபடியே வந்தார்.

"யாருக்கு?" என்றார்.

"ஜீப்பண்ணனுக்கு டீச்சர்."

"என்ன?"

"தெரியலையாம் டீச்சர்."

டீச்சர் குடையை மடக்கினார். பிறகு, "இங்க குளிருது. எல்லாரும் நடங்க," என்றார். ஜீப்பண்ணன் பக்கம் திரும்பி, "நீங்களுந்தான்."

ஜீப்பைக் கல்லோடு அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். அவர் சின்னப் பையனின் பையைத் தூக்கிக்கொண்டு கடைசியில் வந்தார். பள்ளி வாசலில் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை, எங்கள் பின்னாலேயே வகுப்புக்குள் வந்து, கடைசி பெஞ்சில், முழங்கால்கள் டெஸ்க்கில் முட்ட உட்கார்ந்தார். மரியாதைக்காகக் குல்லாயைக் கழற்றினார். அவர் தலை முழுவழுக்கை என்பதை அன்றுதான் பார்த்தோம். அவர் இருந்த நிலையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

பெரிய டீச்சர் வருகைப் பதிவை எடுத்தார். ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர்களையும் பழக்கத்தில் கூப்பிட்டு, பதில் வராத இடங்களில் நிறுத்தி, அடுத்த பெயருக்குப் போனார். எல்லாம் முடிந்தது. பதிவேட்டை மூடப்போனவர் தலையை நிமிர்த்திக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

"நீங்க?" என்றார்.

ஜீப்பண்ணன் எழுந்து நின்றார். டெஸ்க் தூக்கிக்கொண்டது. அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டு,

"இருக்கேனுங் டீச்சர்," என்றார்.